வால்டருக்கு ஒரு வேலை

"ஜானட், இன்றும் என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்."

போனில் வால்டர் அழாத குறை. ஜெர்மனியில் புத்தகம் வைத்துத் தமிழ் படித்துவிட்டு, மீனவர்களுக்குச் சேவை செய்ய நெட்டுக்குப்பம் வந்தவன்.

ஜானட் மலேசியாவில் பினாங்குத் தமிழ்ப் பெண். ராயபுரம் பள்ளி ஒன்றில் சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். இப்படி வடசென்னைக்குச் சேவை செய்ய வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு கவுன்சில் உண்டு. அதற்கு அவள்தான் தலைவி. தேர்தலன்று டீ குடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து யாரை மூட்டைப்பூச்சி கடித்தாலும் அவள் போன்தான் அடிக்கிறது.

பஸ் பிடித்துப் போனாள். தெருமுனையில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், வால்டர். பக்கத்தில் பவுனம்மாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு.

"அக்கா, இவரு வேலை செய்ய வந்தவரு. சும்மா உக்கார வச்சா எப்படி?"

"வெயில்ல குந்திகினு கீறாரேன்னு எனக்கும் பேஜாராதான் கீது கண்ணு. நீ போ, நான் பாத்துக்கறேன்."

மறுநாள் போன். "ஜானட், குடை கட்டியிருக்கிறார்கள்."

மறுபடியும் பஸ்.

"குடை இல்லலா அக்கா, வேலை! எதாவது ஒரு வேலை குடுங்க!"

"அவ்ளோதானே? குட்த்துட்டா போச்சு."

அடுத்த நாள் காலையில் வால்டர் குரலில் உற்சாகம் துள்ளியது. "எனக்கு மஞ்சள் தலைக்கவசம் தந்திருக்கிறார்கள்! கட்டுமானப் பணி போலிருக்கிறது!"

சாயங்காலம் குரல் இறங்கியிருந்தது. "தலைக்கவசத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்."

ஜானட்டுக்குத் தலை சுற்றியது. "யாரையும் கேக்காத. நீயே போய் வலையைப் பிடிச்சு இழு!"

இழுத்தான். ஓடி வந்த நாலு ஆம்பளைகள் வலையைப் பிடுங்கிக்கொண்டு, அவனை அலுங்காமல் நாற்காலிக்குத் திருப்பி அனுப்பினார்கள். கசங்கிய சட்டையைப் பவுனம்மாள் அங்கேயே கழற்றி வாங்கி இஸ்திரி போட்டுத் தந்தாள். கூடவே பஜ்ஜி.

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று ஜானட் கவுன்சிலைக் கூட்டினாள். அவனை அனுப்பிய அமைப்போடு சண்டை போட்டாள். தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம் என்று நினைத்திருந்தபோது, மணலியில் ஒரு பள்ளிக்கு அவனுக்கு மாற்றல் வந்தது.

கிளம்பும் நாளில் தெருவே திரண்டுவிட்டது. பவுனம்மாள் ஜானட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வோணாம் கண்ணு. அவரு இல்லாங்காட்டி எங்களுக்கு ரொம்ப கஷ்டமாப் பூடும்."

"பாசம் வேற, சேவை வேறக்கா. மனுசன் உழைக்கணும்ல?"

பவுனம்மாள் தெருமுனையை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வால்டரை ஏற்றிக்கொண்டு ஆட்டோ மறைந்தது. தலைவியானதிலிருந்து உருப்படியாக ஒரு காரியம் முடித்தது இதுதான் முதல் தடவை. ஜானட் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அப்போது தண்ணீர் லாரி தெருவுக்குள் திரும்பியது. டிரைவர் அமீர் பிரேக் போட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டி, காலி நாற்காலியைப் பார்த்தான்.

"இன்னாம்மா, அந்த ஃபாரின் செக்கிங் ஆபீசரு பூட்டாரா? அப்பாடா! இனிமே தெனம் வர வோணாம், பழையபடி வாரத்துக்கு ஒரு வாட்டி வந்தா போதும்!"