வரிக்கு ஒரு புளியங்கொட்டை

1968 நவம்பர் 14, வியாழக்கிழமை. காலை ஆறு மணி நாற்பது நிமிடம். தாம்பரம் ஸ்டேஷன், பீச் வண்டி நிற்கும் பிளாட்பாரம். குடையை விரித்தால் வெட்கம், விரிக்காவிட்டால் ஜலதோஷம் என்கிற அளவுக்குத் தூறல். அந்த நிமிடத்தில்தான் நான் டிபன் கேரியரைத் தண்டவாளத்தில் நழுவவிட்டு, பிளாட்பாரத்தில் மடங்கி விழுந்தேன். என்னை விழவைத்தவை இருபத்து மூன்று புளியங்கொட்டைகள். அந்தக் கொட்டைகளை எனக்கு அறிமுகம் செய்துவைத்தவர் தராசு.

உலகத்தில் மாத்திரை மடித்துக் கொடுக்கும் கம்பவுண்டர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். கொடுக்கும் முன் ஒவ்வொரு மாத்திரையையும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் போல உட்காரவைத்து, குலம் கோத்திரம் கெட்ட பழக்கம் எல்லாம் விசாரித்தவர், நான் அறிந்தவரை, தராசு ஒருவர்தான்.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக் இருந்தது. ஐந்து படி, இரண்டு பெஞ்சு, ஒரு ஜன்னல். ஜன்னலோரம் கம்பவுண்டரின் மேஜை. அதன் மேல் பொடி நிறுக்கும் பித்தளைத் தராசு, பக்கத்தில் ஒரு பிஸ்கோத்து டின். டின்னுக்குள் புளியங்கொட்டை. சம்பளப் பட்டியலில் அவருக்கு ஏதாவது பெயர் இருந்திருக்கும். ஊரில் அவர் தராசுதான்.

முறை இதுதான். மாத்திரையால் வரும் நன்மையைச் சொல்லி இடது தட்டில் கொட்டை போடுவார். கெடுதலைச் சொல்லி வலது தட்டில் போடுவார். எத்தனை கொட்டை என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். நாள்பட்ட வியாதிக்காரர்கள் யாரும் இதிலிருந்து தப்ப முடியாது.

மாடம்பாக்கத்திலிருந்து முழங்கால் வலியோடு ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வருவார். அவருக்கு ஆஸ்பிரின்.

"பையன் கெட்டிக்காரன் சார். வலியை அரை மணியில அடக்கிடுவான். ஆனா வெறும் வயித்துல உள்ளே விட்டீங்கன்னா குடியிருக்கிற வீட்டுச் சுவரையே ஓட்டை போடுவான். சம்மதமா?"

"மாத்திரை குடுய்யான்னா சம்பந்தம் பேசறியே!"

"கோயிலுக்கு நடந்து போறது உங்களுக்கு எத்தனை கொட்டை?"

"எட்டு போடு."

"வயித்தெரிச்சல்?"

"நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணவன்யா நான். வயித்தெரிச்சலுக்கு ரெண்டு போதும்."

இடது தட்டு இறங்கும். வாத்தியாருக்கு மாத்திரை கிடைக்கும். கூடவே, "சாப்பிட்டப்புறம்தான் போடணும். மலம் கறுப்பா போச்சுன்னா அன்னிக்கே நிறுத்திட்டு ஓடி வரணும்" என்ற எச்சரிக்கையும் கிடைக்கும். அதை வாத்தியார் மூன்று முறை திருப்பிச் சொன்ன பிறகுதான் பொட்டலம் கைமாறும்.

சைக்கிள் கடை பாய்க்குச் சர்க்கரை வியாதி. அவருக்கான விளக்கம் வேறு.

"இந்த மாத்திரை போலீஸ்காரன் மாதிரி பாய். சர்க்கரையைத் தேடித் தேடி அடிப்பான். நீங்க சாப்பிடாம இருந்தீங்கன்னா, திருடன் கிடைக்கலைன்னு வீட்டுக்காரனையே அடிப்பான். மயக்கம் போட்டு விழுந்துடுவீங்க."

"அப்போ போலீஸ் வர்றதுக்கு முன்னாடி நாஷ்டா துன்னுடணும், அவ்ளோதானே? பேஜார் பண்ணாத கம்பவுண்டரே, கடைல ரெண்டு டியூப் பஞ்சர் ஒட்டாம கீது."

டாக்டரம்மா ஒரு நோயாளிக்கு எடுத்துக்கொண்ட நேரம் சராசரி மூன்று நிமிடம். தராசு எடுத்துக்கொண்டது பதினொன்று. பெஞ்சில் உட்கார்ந்து என் கடிகாரத்தில் பார்த்துச் சொல்கிறேன். டாக்டரம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

"கம்பவுண்டர், நான் எழுதறது பிரிஸ்கிரிப்ஷன். நீங்க அதை வெச்சுக் கேஸ் நடத்தறீங்களா?"

"இல்லைம்மா. தீர்ப்பு நீங்க எழுதிட்டீங்க. நான் படிச்சுக் காட்டறேன், அவ்வளவுதான்."

எனக்கு ஆஸ்துமா. கடற்கரைப் பக்கம் ஒரு ஆபீசில் கணக்குப் பிரிவில் வேலை. அந்த வருஷம் மார்ச் வரை இரவில் நான் படுத்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் தலையணையைக் கட்டிக்கொண்டு விடியும்வரை என் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு நிமிடத்துக்கு முப்பத்து நான்கு. வேறெந்த மருந்துக்கும் அடங்காததால் டாக்டரம்மா ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். தராசு என்னையும் உட்காரவைத்தார்.

"இவன் பெரிய இடத்துப் பையன் சார். வந்தா வீட்டையே தூக்கி நிறுத்துவான். ஆனா நாள்பட இருந்தா எல்லாத்தையும் அவன் பேர்ல எழுதி வாங்கிப்பான். முகம் உப்பும், எலும்பு மெலியும், சர்க்கரை வரலாம், வயித்துல புண் வரலாம். மூச்சுக்கு எத்தனை கொட்டை போடட்டும்?"

எனக்கு எதையும் யோசிக்காமல் சொல்லிப் பழக்கமில்லை. தயங்கினேன். அவரே முப்பது கொட்டைகளை எடுத்து இடது தட்டில் போட்டுவிட்டார். கெடுதல்களுக்கு எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு. எனக்கு அது லஞ்சம் கொடுத்து ஜெயித்த தேர்தலைப் போலத் தோன்றியது. ஆனால் அன்றிரவு படுத்துத் தூங்கினேன். மறுநாளும் தூங்கினேன்.

எட்டு மாதம் நன்றாகப் போயிற்று. முகம் மட்டும் மாதத்துக்கு மாதம் உருண்டது. ஆபீசில் என்னைப் பார்த்தவர்கள், "சம்பள உயர்வா சார்?" என்று கேட்டார்கள். தினம் கண்ணாடியில் நூலால் கன்னத்தை அளந்துகொண்டேன்.

நவம்பர் இரண்டாம் வாரம் தராசு தங்கை மகள் கல்யாணத்துக்காகக் கூடுவாஞ்சேரி போயிருந்தார். மாத்திரை தீர்ந்துவிட்டதால் நான் மருந்துக்கடையில் முழுப் புட்டியாக வாங்கினேன். அதற்குள் பொடி எழுத்தில் அச்சிட்ட காகிதம் ஒன்று எட்டாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கிளினிக்கில் பொட்டலமாக வாங்கிய எனக்கு அப்படியொரு காகிதம் இருப்பதே தெரியாது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பயன் ஒரு வரி. எச்சரிக்கை இருபத்து மூன்று வரி.

எழுந்து நடந்தேன். உட்கார்ந்து மறுபடி எண்ணினேன். இருபத்து மூன்றுதான்.

தராசின் முறையில் எனக்கு ஒரே ஒரு குறை இருந்தது. மூச்சுக்கு முப்பது, எலும்புக்கு மூன்று என்று மனம் போனபடி போடுவது என்ன கணக்கு? ஆடிட்டர் ஒப்புக்கொள்வாரா? எனவே நான் முறையைத் திருத்தினேன். வரிக்கு ஒரு கொட்டை. சமையலறைப் புளியிலிருந்து கொட்டைகளைப் பொறுக்கி, கூடத்தில் இரண்டு தட்டுகள் வைத்து உட்கார்ந்தேன்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, பல்லாங்குழிக்கு ஆள் வேணுமா?"

"தொந்தரவு பண்ணாதே. உயிர் விஷயம்."

இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் இருபத்து மூன்று. இவ்வளவு தெளிவான கணக்கை நான் சர்வீசில் பார்த்ததில்லை. திங்கட்கிழமை காலை முதல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். செவ்வாய் கால் தளர்ந்தது. புதன் இரண்டு முறை வாந்தி, பழைய இளைப்பு. உடம்பிலிருந்து விஷம் இறங்குகிறது என்று மனைவியிடம் விளக்கினேன். வியாழன் காலை பிளாட்பாரம்.

யாரோ இரண்டு பேர் ரிக்ஷாவில் ஏற்றி கிளினிக்கில் கொண்டுவந்து போட்டார்கள். தராசு அப்போதுதான் கல்யாணத்திலிருந்து திரும்பி, நெற்றியில் வியர்வையோடு ஊசியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் குனிந்து காதருகில் கேட்டார்.

"மாத்திரை போட்டீங்களா?"

"நிறுத்திட்டேன். நாலு நாள். நானே... கொட்டை போட்டுப் பார்த்தேன்."

அவர் முகம் வெளிறியது. அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். நாடியைப் பிடித்தார். ஊசி போட்டார். இன்னொரு ஊசி போட்டார். குளுக்கோஸ் ஏறத் தொடங்கியது. என் நகங்களில் நீலம் போய்ச் சிவப்பு வந்த பிறகுதான் திரும்பினார்.

"கொட்டைன்னு ஏதோ சொன்னாரே, என் காதுல விழுந்தது. எட்டு மாசம் சாப்பிட்ட மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா ஆள் போயிடுவார்னு உங்களுக்குத் தெரியாதா, கம்பவுண்டர்? இவரைப் பயமுறுத்தி நிறுத்த வெச்சுட்டீங்களே!"

நான் வாயைத் திறந்தேன். மூச்சுத்தான் வந்தது. தராசு என்னைப் பார்த்தார். நான் நிறுத்தச் சொல்லவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொன்னது வேறு வார்த்தை.

"தப்புதாம்மா."

"இன்னியோட இந்தத் தராசு விளையாட்டு முடிஞ்சுது."

"சரிம்மா."

டின்னை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே தூறலில் கவிழ்த்தார். கொட்டைகள் விழும் சத்தம், மழைச் சத்தத்தைவிடப் பெரிதாக, படுத்திருந்த எனக்குக் கேட்டது.

அதன் பிறகு ஏழு நாள். ஏழு நாளும் நான் மாத்திரைக்கும் ஊசிக்கும் கிளினிக்குக்குப் போனேன். ஏழு நாளும் உண்மையைச் சொல்லத் தீர்மானித்துப் போய், சொல்லாமல் திரும்பினேன். படித்தவன், கணக்குப் பிரிவு, நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? தராசு என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பொட்டலம் மடித்தார், வேளையைச் சொன்னார், கொடுத்தார். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம் இருபது விநாடி. அந்த வேகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மாலை சைக்கிள் கடை பாய் வந்தார். நோன்பு தொடங்க ஓரிரு நாளே இருந்தது.

"கம்பவுண்டரே, நோன்பு புடிக்கப் போறேன். உங்க போலீஸ்காரனை இன்னா பண்றது?"

தராசின் கை பழக்கத்தில் டின் பக்கம் போயிற்று. பாதியில் நின்றது.

"டாக்டரம்மாகிட்ட கேளுங்க பாய்."

பாய் உள்ளே போனார். வெளியே பதினான்கு பேர் காத்திருந்தார்கள். "உங்க உடம்புக்கு நோன்பு வேண்டாம் பாய்" என்று டாக்டரம்மா ஒரு வரியில் முடித்துவிட்டார். பாய் முகம் சிவந்து வெளியே வந்தார்.

"நாப்பது வருஷமா புடிச்சுகினு வர்றேன். அது எனக்கு எத்தனை கொட்டைன்னு ஒரு வார்த்தை கேக்கல இந்தம்மா! வாணாம். இந்த மாசம் மாத்திரையே வாணாம். நிறுத்திட்டேன்."

கையோடு கொண்டுவந்திருந்த மாத்திரைப் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

நிறுத்திட்டேன் என்ற அதே சொல்லைத்தான் போன வியாழன் இதே கிளினிக்கில் நான் சொல்லியிருந்தேன். ஐந்து படிகளில் அவர் மூன்றாவதில் இருந்தபோது எழுந்து கையைப் பிடித்தேன்.

"பாய், நில்லுங்க. நானும் இப்படித்தான் நிறுத்தினேன். டாக்டரம்மா! கம்பவுண்டர் என்கிட்ட நிறுத்தச் சொல்லலை. அன்னிக்கு அவர் ஊர்லயே இல்லை. நானேதான் எண்ணிப் பார்த்து நிறுத்தினேன்."

பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினேன். வரிக்கு ஒரு கொட்டை என்ற என் முறையை விளக்கினேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"பதினாறாவது வரி, மாதவிலக்குக் கோளாறு. இதுக்கும் ஒரு கொட்டை போட்டீங்களா?"

"போட்டேன்."

பெஞ்சில் யாரோ கனைத்தார்கள்.

"இருபத்து மூணாவது வரியைப் படிங்க."

படித்தேன். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

"இதுக்கு?"

"அதுவும் எச்சரிக்கைதானே... வலது தட்டுல ஒரு கொட்டை."

டாக்டரம்மா சிரித்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். ஸ்டெதஸ்கோப் குலுங்கச் சிரித்தார். தராசு சிரிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எண்ணிட்டீங்களே சார்! நிறுக்கச் சொன்னா எண்ணிட்டீங்களே! மூச்சுக்கும் ஒண்ணு, முகப்பருவுக்கும் ஒண்ணா?"

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயை உட்காரச் சொன்னார். பிறகு கம்பவுண்டரைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். "அந்த டின்னை எடுங்க."

டின் காலி. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஏழு நாள் மழையில் கொட்டைகள் ஊறி, வாய் பிளந்து முளைவிட்டிருந்தன. கண்ணுக்குத் தெரிந்தவை ஒன்பது. நிறுக்க ஆகாது. இளைப்பை மறந்து மார்க்கெட் மளிகைக் கடைக்கு ஓடி, ஒரு படி வாங்கி வந்தேன்.

"நோன்புக்கு எத்தனை பாய்?" என்றார் தராசு. ஏழு நாளுக்குப் பிறகு அவர் குரல் அவருடையதாக இருந்தது.

"போட்டுகினே இரு."

தட்டு மேஜையைத் தொட்டது.

"மாத்திரையை விட்டா என்ன ஆகும்னு அந்தப் பக்கம் போடறேன். கண்ணு. கால். போன வருஷம் குதிகால் புண்ணு ஆற எத்தனை மாசம்?"

பாய் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "மூணு மாசம். அதுக்கும் அள்ளிப் போடு."

இரண்டு தட்டும் ஏறக்குறைய நேராக நின்றன. டாக்டரம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பாயின் பழைய மருந்துச் சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். மாத்திரை பாதி அளவு, நோன்பு திறந்து சாப்பிடும்போது. தினமும் கம்பவுண்டரிடம் சிறுநீர்ப் பரிசோதனை.

"கை நடுங்கினா, வேர்த்தா, அந்த நிமிஷமே சர்க்கரைத் தண்ணி குடிச்சுடணும். நோன்பு போச்சேன்னு யோசிக்கக் கூடாது. சத்தியமா?"

"நோயாளிக்கு மார்க்கத்துலயே சலுகை கீதும்மா. நீங்க கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றார் பாய். பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த மாதத்தில் பாய் இரண்டு நாள் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் குடித்தார். என் மாத்திரையைத் தராசு பிளேடால் முக்கால், அரை, கால் என்று நறுக்கி, பித்தளைத் தட்டில் நிறுத்து, நாள்வாரியாக எண் போட்ட பொட்டலங்களில் கொடுத்தார். முழுதாக விட ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு பொட்டலம்கூட எண் மாறவில்லை. நான் சரிபார்த்தேன்.

செலவுக் கணக்கு. ஊசி, குளுக்கோஸ் ஐந்து ரூபாய். ரிக்ஷா எழுபத்தைந்து பைசா. வண்டிச் சக்கரத்தில் நசுங்கிய டிபன் கேரியர் இரண்டு ரூபாய் இருபத்தைந்து பைசா. புளியங்கொட்டை ஒரு படி பதினைந்து பைசா. இந்தப் பதினைந்து பைசாவை கிளினிக் கணக்கில் வாங்கிக்கொள்ளும்படி தராசு இரண்டு முறை என் வீட்டு வாசலுக்கு வந்தார். இரண்டு முறையும் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆக மொத்தம் எட்டு ரூபாய் பதினைந்து பைசா.