டாலருக்குப் பூ கேட்ட கதை

பத்தாவது வரை படித்தவள் டாலரைப் பற்றி எழுத வந்தால், படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நாலு பேர் கூடினால் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். பேசவே வராதவள் எதற்கு எழுதுகிறாள் என்று கேட்டால், பேச வராததால்தான். இந்தக் கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்தது நடந்தபடி ஓர் இடத்திலாவது இருக்கட்டும்.

அது 2007. அடி அண்ணாமலையில் ஒரு தகர ஷெட்டில் தியான மெத்தை தைக்கும் கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். மெத்தை என்றால் படுக்கிறது இல்லை. இலவம்பஞ்சு அடைத்த வட்டத் திண்டு. மலையைச் சுற்ற வந்த வெள்ளைக்காரர்கள் வாங்கிப் போய், ஊரிலிருந்து ஆர்டர் அனுப்ப ஆரம்பித்தார்கள். முதலாளி சேகர் அண்ணன். கணக்கு வழக்கெல்லாம் அவர் மனைவி வசந்தி அண்ணி. தைப்பதற்குப் பதினெட்டுப் பெண்கள். நான் 'ஆபீஸ் இன்சார்ஜ்' (ஆபீசில் இருந்த ஒரே ஆள் நான்தான்).

அந்த வருஷம் அமெரிக்காவிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. பணம் நாலு மாதம் கழித்து, டாலரில். அப்போது டாலர் நாற்பத்துநாலு ரூபாய், இறங்கு முகத்தில் இருந்தது. நாற்பத்திரண்டுக்குக் கீழே போனால் கைக்காசைப் போட்டுத்தான் சம்பளம் கொடுக்க வேண்டும், பதினெட்டுப் பேரில் பாதிப் பேரை நிறுத்த வேண்டியிருக்கும் என்று அண்ணி கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

வங்கி அதிகாரி ஒரு வழி சொன்னார். நாலு மாதம் கழித்து வரப்போகும் டாலருக்கு இன்றைக்கே ஒரு விலை பேசி வங்கியில் 'புக்' செய்துவிடலாம். பிறகு டாலர் விழுந்தால் நமக்குக் கவலை இல்லை. ஏறினால் அந்த லாபமும் நமக்கு இல்லை. "மத்தியானம் மூணு மணிக்குள்ள போன்ல சொல்லிடுங்க."

"இறங்கினது ஏறாமயா போவும்? பொறுத்துப் பாக்கலாம்" என்றார் அண்ணன்.

"ஏறினா உங்களுக்கு ஜாஸ்தி சந்தோஷம். இறங்கினா பதினெட்டு வீட்ல அடுப்பு எரியாது. புக் பண்ணுங்க" என்றார் அண்ணி.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்த சண்டை பன்னிரண்டரைக்கும் முடியவில்லை. கடைசியில் அண்ணன்தான் சொன்னார், "சாமிகிட்ட பூ கேட்டுடலாம். வெள்ளைப் பூ வந்தா புக் பண்ணிடலாம், சிவப்பு வந்தா பொறுக்கலாம். நாம போனா மனசுல ஒண்ண வெச்சிக்கினு எடுப்போம். கஸ்தூரி போவட்டும். அதுக்குத்தான் ஒண்ணும் தெரியாது."

(நியாயமான பேச்சு. எனக்குக் கோபம்கூட வரவில்லை.)

பக்கத்துத் தெரு அம்மன் கோயிலுக்குப் போனேன். பால் குட நாள் என்பதால் மத்தியானமும் நடை சாத்தவில்லை, கூட்டம் வேறு. வாசலில் பூக்காரம்மா நந்தியாவட்டை ஒன்று, செவ்வரளி ஒன்று தனித்தனியாக வாழை இலைத் துண்டில் மடித்து நாரால் கட்டிக் கொடுத்தார். உள்ளே போனால் எங்கள் அம்மா நிற்கிறார்!

"இன்னாடி, வேலைய வுட்டுட்டு இங்க இன்னா பண்ற?"

"ஆபீஸ் விஷயமா பூ கேக்க வந்தேம்மா. நீ?"

"உன் விஷயமாத்தான்."

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் கீழ்பென்னாத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை மணிலா மண்டியில் (வேர்க்கடலைதான்) எடை போடுகிறவர். என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "தகர ஷெட்னு சொன்னாங்களே, ஃபேன் இருக்குதாங்க?" எனக்கு அதிலேயே பிடித்துவிட்டது. அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. அவருக்கு மூன்று தங்கைகள். வெள்ளை வந்தால் சம்மதம் சொல்வது, சிவப்பு வந்தால் விட்டுவிடுவது என்று அம்மாவும் அதே பூக்காரம்மாவிடம் இரண்டு பொட்டலம் கட்டி வாங்கி வந்திருந்தார்.

பூசாரி என் இரண்டையும் ஒரு பக்கம், அம்மாவின் இரண்டையும் ஒரு பக்கம் வைத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து யாரோ பால் குடம் கொண்டுவர, இடம் பண்ணுவதற்காகப் பூசாரி நாலையும் வாரி ஒரே தட்டில் போட்டார். பிறகு அதிலிருந்து இரண்டை என்னிடம் நீட்டினார். இரண்டை அம்மாவிடம் நீட்டினார்.

நான் பார்த்தேன். 'சாமி, கலந்துபோச்சு' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அதற்குள் அம்மா ஒன்றைப் பிரித்துவிட்டார். வெள்ளை! அம்மா பெருமூச்சு விட்டு, "சரி, அம்மன் இஷ்டம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நான் எப்படி வாயைத் திறப்பேன்? என் பங்கில் கைக்கு வந்த ஒன்றைத் தேர்ந்து முந்தானையில் முடிந்துகொண்டு, மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் கல்யாணக் கனவு. டாலர் நினைப்பே இல்லை.

அண்ணன் முடிச்சை அவிழ்த்துப் பிரித்தார். சிவப்பு.

"பாத்தியா? பொறுன்னு அம்மனே சொல்லிட்டா!" தையல் மிஷின்களெல்லாம் நின்றுவிட்டன. பதினெட்டுப் பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணி என் கையிலிருந்த மற்ற பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். அதுவும் சிவப்பு.

"கஸ்தூரி, இது இன்னாம்மா? உங்க அண்ணன் சொல்லி அனுப்பினாரா?"

"அய்யோ, நான் ஒண்ணும் சொல்லலடி!" என்று அண்ணன் பதறினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அழுகையும் திக்கலுமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், மாப்பிள்ளை, ஃபேன் உட்பட. (ஃபேனை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.)

அண்ணி சிவப்புப் பூக்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்போ உங்க அம்மாகிட்ட போனது ரெண்டும் வெள்ளையா?"

"ஆமாங்கண்ணி."

"பாவம்டி அந்த மாப்பிள்ள. தப்பிக்க வழியே இல்லாமப் போச்சே!"

ஷெட்டே சிரித்தது. அண்ணனும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணி போனை எடுத்துவிட்டார். மணி மூன்றாக ஆறு நிமிஷம். "மறுபடி பூ கேட்டுட்டு..." என்று அண்ணன் இழுத்தார். "அம்மனுக்கு இன்னிக்கு ஒரு கல்யாணமே போதும்" என்று சொல்லிவிட்டு, அண்ணி வங்கியிடம் புக் செய்யச் சொன்னார்.

நாலு மாதம் கழித்துப் பணம் வந்தபோது டாலர் நாற்பது ரூபாய்ப் பக்கம் வந்துவிட்டது. எங்களுக்குப் பேசி வைத்த விலையே கிடைத்தது. ஒருவரையும் நிறுத்தவில்லை. என் கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்து அண்ணன் முழுக் கதையையும் சொல்லிவிட்டார். எங்கள் அம்மாவுக்கே அப்போதுதான் தெரியும். அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்கு 'டாலர் மாப்பிள்ளை' என்று பெயர். வீட்டில் எங்களுக்குள் சண்டை வந்தால் அவர் நேராக எங்கள் அம்மாவிடம் போய், "சிவப்பு ஒண்ணாவது எனக்கு வெச்சிருக்கலாமே அத்தே" என்பார். என் பெண்ணும் இப்போது அதையே சொல்லிச் சிரிக்கிறாள்.

அதெல்லாம் பிறகு. புக் செய்த மறுநாள் டாலர் பதினைந்து காசு ஏறியது. அண்ணன் மத்தியானச் சாப்பாடு வரை அண்ணியிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை.