இட்லித் தட்டில் சோப்பு

"பால் யாருக்குண்ணா?" என்று கேட்டாள் செங்கம்மா.

"எனக்குத்தான்," என்றார் தாமோதரன்.

செங்கம்மா ஆட்டின் மடியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆந்திர எல்லையோர ஊரான நகரியில் ஆட்டுப்பால் கேட்டு யாரும் வருவதில்லை. அப்படி வந்தால், அந்த வீட்டில் யாருக்கோ டாக்டர் கையை விரித்துவிட்டார் என்று பொருள்.

"எத்தினி நாளா இப்பிடி கீது?"

"எது?"

"சொல்ல இஷ்டமில்லன்னா வுடுண்ணா. நான் யார்கிட்டயும் மூச்சு வுட மாட்டேன்."

விட்டாள். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நாலு விசைத்தறி வைத்திருக்கும் தாமோதரனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ கோளாறாம், ஆட்டுப்பாலில்தான் உயிர் ஓடுகிறதாம்.

உண்மையில் தாமோதரனுக்கு நெஞ்சு நன்றாகத்தான் இருந்தது. வாய்தான் சரியில்லை.

முந்தின நாள், அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் யமுனா போன் செய்திருந்தாள். பன்னிரண்டு நாளில் ஐந்து வயது மகள் ரேஷ்மாவை அழைத்துக்கொண்டு வருகிறாள். நாலு வருஷத்துக்கு முன் வந்தபோது, கைக்குழந்தைக்கு ஏசி வேண்டும், உட்காரும் கக்கூஸ் வேண்டும் என்று திருப்பதியில் ஓட்டலில் ரூம் போட்டாள். சொந்த வீட்டுக்கு ஒரே ஒரு மத்தியானம் வந்துபோனாள். அந்த ஒரு மத்தியானம் தாமோதரனின் மார்பில் முள்ளாய்த் தைத்துக்கிடந்தது. அவள் போன கையோடு ஏசி வாங்கினார். உட்காரும் கக்கூஸ் கட்டினார். வீட்டில் யாரையும் அதில் உட்கார விடாமல் பூட்டியும் வைத்தார். இந்தத் தடவை ஓட்டலுக்குப் போக மகளுக்கு ஒரு காரணமும் கிடைக்கக் கூடாது.

போனில் யமுனா கேட்டாள்: "நைனா, நம்ம ஊர்ல ஆட்டுப்பால்ல சோப்பு காச்சுவாங்களா?"

"ஆட்டுப்பால்லயா?"

"இங்க அதான் ஒசத்தி. ரேஷ்மாவுக்கு வேற எது போட்டாலும் தோலு தடிச்சிப்போவுது." பிறகு மெல்லக் கேட்டாள்: "வீட்லயே சோப்பு காச்சறதைப் பத்தி நீ இன்னா நெனைக்கிற நைனா?"

தாமோதரனின் காதில் சோப்பு விழவில்லை. திருப்பதி ஓட்டலின் வரவேற்பு மணிதான் அடித்தது. சோப்பு கிடைக்காவிட்டால் மறுபடியும் ரூம் போட்டுவிடுவாள்!

"இன்னாம்மா இப்பிடி கேட்டுட்ட! நானே வீட்ல காச்சிக்கினுதான் கீறேன்!"

லைன் போய்விட்டதென்று ரிசீவரைத் தட்டினார்.

"நெஜமாவா நைனா? நீயா?" யமுனா கிட்டத்தட்டக் கத்தினாள். "அப்ப ஓட்டல் எல்லாம் வாணாம். நேரா வீட்டுக்கே வந்துடறோம்."

போனை வைத்ததும் மனைவி அலர்மேல்மங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"நீ எப்போய்யா சோப்பு காச்சின?"

"இனிமேத்தான்."

பஸ் ஸ்டாண்டு பக்கத்து நெட் சென்டரில் செய்முறையை அச்செடுத்து வாங்கிவந்தார். இரண்டு தாள், முழுக்க இங்கிலீஷ். தெரிந்த வார்த்தைகளை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். தேங்காயெண்ணெய், ஆட்டுப்பால், காஸ்டிக் சோடா. அவ்வளவுதானே! காஸ்டிக் சோடா அவருக்குப் புதுசில்லை. நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் அதோடுதான் இருபது வருஷம் புழங்கியிருக்கிறார்.

மங்கையின் கல்யாணச் சீரில் வந்த அலுமினிய அண்டாவில் பாலை ஊற்றி, காஸ்டிக்கை மொத்தமாகக் கொட்டினார்.

பால் ஒரு கணம் யோசித்தது. பிறகு புஸ்ஸென்று பொங்கியது. வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் செங்கல் நிறமாகி, அண்டா கரியாகி, அதிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. நூறு பேர் ஒரு மாதம் கழுவாமல் விட்ட மூத்திரச் சந்தின் நாற்றம். கொட்டகையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.

"அண்டா போச்சி," என்றாள் மங்கை. அதற்கு மேல் பேச அவளுக்கு மூச்சு வரவில்லை.

தெரு ஒரு முடிவுக்கு வந்தது. தாமோதரனுக்கு வயிறும் போய்விட்டது.

அன்று மாலையே ஆப்பிளும் சாத்துக்குடியுமாக முதல் கோஷ்டி பார்க்க வந்தது. "ஒன்னும் இல்லப்பா, நல்லாத்தான் கீறேன்," என்று தாமோதரன் சொல்லச் சொல்ல, வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசி வரை தைரியமான மனுஷன்.

தாளை மறுபடி எடுத்துக்கொண்டு போய் ஸ்கூல் வாத்தியார் ஒருவரிடம் கேட்டார். பாலை ஐஸ்கட்டியாக உறையவைத்து, அதன்மேல் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும் என்று இரண்டாம் வரியிலேயே இருந்தது. தாமோதரன் வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் வைக்கும் இடம் தீப்பெட்டி அளவு. அதனால் கூல்டிரிங்ஸ் கடை நாகபூஷணத்திடம் போனார். சின்ன வயதிலிருந்து சிநேகம். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு.

"ஃப்ரீசர்ல எடம் கீதா நாகா?"

"உனக்கு இல்லாத எடமா? ஏமி பெடதாவ், இன்னா வைக்கப்போற?"

"ஆட்டுப்பாலு."

நாகபூஷணம் அவர் தோளில் கை வைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். சேதி அங்கேயும் வந்திருந்தது.

பாலை ஊற்றி உறையவைக்கக் குச்சி ஐஸ் அச்சுதான் அங்கே இருந்தது. மறுநாள் மத்தியானம் தாமோதரன் போனபோது அச்சு காலி.

"நம்ம மணியம்மா வித்துட்டா," என்றார் நாகபூஷணம் தலையைச் சொறிந்துகொண்டு. மணியம்மா அவர் மனைவி. "புதுசா எறக்கின பால் ஐஸ்னு நெனச்சிக்கினா. காலேஜ் பொண்ணுங்க வந்து ஒன்னு பாக்கி இல்லாம துன்னுட்டுப் போச்சிங்க. நாளைக்கும் வேணும்னு சொல்லிக்கினு போயிருக்குதுங்க. கொஞ்சம் சேர்த்தே கொண்டா தாமு."

ஆட்டுப்பாலுக்கு இப்படியொரு கிராக்கி வரும் என்று செங்கம்மா எதிர்பார்க்கவில்லை. கடைக்கும் பால், தாமோதரனுக்கும் பால் என்று கேட்டதும், "என்னால ஆவாதுண்ணா. நீயே பீச்சிக்கோ," என்று ஒரு கறுப்பு ஆட்டையே கயிற்றோடு கையில் கொடுத்துவிட்டாள்.

அந்த ஆட்டுக்கு தாமோதரனைப் பிடிக்கவில்லை. கிட்டப் போனால் உதைத்தது, எட்டிப் போனால் கத்தியது. மங்கை முன்னங்காலைப் பிடிக்க, தறிக்காரர் ஒருவர் பின்னங்காலைப் பிடிக்க, ஒரு டம்ளர் பால் எடுப்பதற்கு ஒரு மணி நேரமானது. அந்த ஒரு மணி நேரமும் தறி நின்றது. மூன்றாம் நாள் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய், சேலைக் கரைக்கான டிசைன் அட்டைகளை வரிசையாகத் தின்றுவிட்டது.

"மொதலாளி, மாங்கா டிசைனை ஆடு துன்னுட்சி," என்று ஓடிவந்து சொன்னார்கள்.

"முழுசாவா?"

"பாதி. இப்ப மயிலு டிசைனைத் துன்னுக்கினு கீது."

ஆனால் அந்தப் பாலை உறையவைத்துக் காய்ச்சியதில் சோப்பு இந்த முறை வந்தது. வெள்ளை வெளேரென்று, வெண்ணெய் மாதிரி வந்தது. தாமோதரன் அன்று சந்தோஷத்தில் இரண்டு தோசை கூடுதலாகத் தின்றார். வாத்தியார்தான் தாளின் கடைசி வரியைப் படித்துக் காட்டி அதைக் கெடுத்தார்: ஒரு மாதம் காயவைத்த பிறகே தொட வேண்டும்.

யமுனா வர இன்னும் நாலு நாள்.

"பேப்பர்ல ஆயிரம் போடுவான்," என்று தானே தேய்த்துக் குளித்துப் பார்த்தார். முதல் சொம்பு நன்றாயிருந்தது. இரண்டாம் சொம்பில் முதுகு பற்றிக்கொண்டது. மங்கை தேங்காயெண்ணெயும் கையுமாக ஓடிவரும்போது அவர் துண்டோடு கொல்லையைச் சுற்றிக்கொண்டிருந்தார். வேலிக்கு அப்பாலிருந்து பார்த்தவர்கள், பீட்ரூட் மாதிரி இருந்த அந்த முதுகைப் பற்றித் தெருவுக்குச் சொன்னார்கள். உடம்பு முழுக்கப் பரவிவிட்டதாம். அமெரிக்காவிலிருந்து பொண்ணு வருவதே முகத்தைப் பார்க்கத்தானாம்.

கடைசி இரண்டு நாளில் தாமோதரன் ஒரு காரியம் செய்தார். வாழ்க்கையில் ஒரு கஜம் நூலில்கூட ஏமாற்றாதவர் அவர். புத்தூர் வரை போய், தெரிந்த முகம் இல்லாத கடையில் குழந்தைச் சோப்பு ஒரு டஜன் வாங்கினார். கதவைச் சாத்திக்கொண்டு தேங்காய்த் துருவியில் துருவினார். இரண்டு கரண்டி ஆட்டுப்பால் ஊற்றி உருக்கி, இட்லித் தட்டில் வார்த்தார்.

"பெத்த பொண்ணை ஏமாத்தறியே," என்றாள் மங்கை.

"ஆட்டுப்பால் போட்டுதானே கீது!"

"எனக்கு இட்லித் தட்டு திரும்ப வரணும்."

யமுனாவின் டாக்ஸி காலையில் வந்து நின்றது. மாப்பிள்ளை கிரண்குமார் வரவில்லை, அங்கே பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமாம். யமுனா கறுத்து, கை காய்த்து, ஆனால் முகம் தெளிந்து இருந்தாள். கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டி இப்படிக் கை காய்க்குமா என்று தாமோதரனுக்குக் கவலையாக இருந்தது.

ஏசியைக் காட்டினார். கக்கூஸைத் திறந்து காட்டினார். அவள் எதையும் பார்க்கவில்லை.

"சோப்பு எங்க நைனா?"

இட்லி வடிவத்தில் பதினாறு சோப்பு தாம்பாளத்தில் வந்தது. யமுனா ஒன்றை எடுத்தாள். முகர்ந்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள். தண்ணீர் தொட்டுத் தடவி, நாக்கு நுனியை அதில் வைத்தாள்.

"ஐயோ, இட்லி இல்லம்மா அது!" என்று பதறினாள் மங்கை.

யமுனா சோப்பைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"இது கடை சோப்பு நைனா. துருவி உருக்கினது."

தாமோதரனுக்குத் தரை பிளந்துகொண்டால் தேவலை போலிருந்தது. உட்கார்ந்துவிட்டார். அண்டாவிலிருந்து பீட்ரூட் முதுகு வரை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். "நீ ஓட்டலுக்குப் போய்டுவியோன்னு பயந்துக்கினு சொல்லிட்டேம்மா. ஆனா ஒன்னு மட்டும் நெசமா காச்சினேன். கொல்லையில கீது."

யமுனா கொல்லைக்குப் போய் அந்த நாலு நாள் சோப்பைப் பார்த்தாள். கத்தியால் ஓரம் சீவிப் பார்த்தாள். "காஸ்டிக் ஒரு சிட்டிகை ஜாஸ்தி. மத்தபடி நல்லா கூடி வந்திருக்குது நைனா. முதல் தடவைக்கு இவ்வளவு நல்லா யாருக்கும் வராது."

"உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"நைனா, உன்கிட்ட ஒன்னு சொல்லணும். ரெண்டு வருஷமா..."

வாசலில் ஆப்பிள் கோஷ்டி வந்துவிட்டது. நாகபூஷணம், மணியம்மா, செங்கம்மா, பின்னால் பாதித் தெரு. நோயாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடமாடுவதைக் கண்டு எல்லோரும் திகைத்து நின்றார்கள். சோப்புக் கதை வெளியே வர அரைமணி நேரமாயிற்று. செங்கம்மாவுக்குத்தான் ஏமாற்றம் அதிகம்.

அதற்குள் யமுனா கொல்லையில் ஆட்டின் பக்கத்தில் குந்திவிட்டாள். உதைத்து ஊரைக் கூட்டும் அந்தக் கறுப்பு ஆடு அவளிடம் பொம்மை மாதிரி நின்றது. பால் பாத்திரத்தில் சர் சர்ரென்று நுரைத்து விழுந்தது.

"அரே! கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு பால் பீச்சுது பாரு!" என்றார் நாகபூஷணம்.

"அறிவு நாகா, அறிவு," என்றார் தாமோதரன். பன்னிரண்டு நாள் அவமானமும் அந்த நிமிஷத்தில் கழுவிக்கொண்டு போயிற்று. மார்பு நிமிர்ந்தது. "எல்லாம் நெட்ல படிச்சி கத்துக்கினு இருப்பா. அவ வேலை பாக்கற ஆபீஸு இன்னா சாதாரணமா? முப்பத்திரண்டு மாடி!"

ஆட்டின் காதைத் தடவிக்கொண்டிருந்த ரேஷ்மா நிமிர்ந்து பார்த்து, தாத்தாவைத் திருத்தினாள்:

"மாடி இல்ல தாத்தா, ஆடு! எங்கம்மா ஆபீஸ்ல முப்பத்திரண்டு ஆடு!"