பதினெட்டாம் பெருக்கில் பத்திரம் சார்

சேலம் சூரமங்கலத்தில் எங்கள் தெருவில் இதுவரை ஒரு விபத்துகூட நடந்ததில்லை. நடக்கவேண்டிய அத்தனைக்கும் பத்திரம் சார் முன்கூட்டியே பயந்து தீர்த்துவிட்டதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, மகள் செல்வியின் வீட்டோடு வந்து தங்கியவர். அந்த வீட்டு மாடியில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். நான் பல் தேய்க்கப் போனாலும் கீழேயிருந்து ‘பத்திரமுங்க’ என்று குரல் வரும். பல் தேய்ப்பதில் என்ன ஆபத்து என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அரைமணி நேரம் விளக்கினார். அன்றைக்கு நான் வாய் மட்டும் கொப்பளித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

குக்கர் அடுப்பில் இருந்தால் ஒருவரும் சமையலறைப் பக்கம் போகக் கூடாது. விருந்தாளிகளைக்கூடக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்துவிடுவார். கல்யாண மண்டபத்தில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார். இரண்டு மின்விசிறிகளுக்கு நடுவே, எது விழுந்தாலும் தன் மேல் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, வியர்க்க வியர்க்கச் சாப்பிடுவார். டவுன் பஸ்ஸில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போன ஒரே மனிதர் அவர்தான்.

டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஏனுங்க பெரியவரே, என் மேல நம்பிக்கை இல்லீங்களா?”

“உங்க மேல நம்பிக்கைதானுங்க. எதுக்க வர்றவன் ஆருன்னு தெரியலீங்களே.”

செல்வியின் மகள் கயல் அப்போது ஒன்றாம் வகுப்பு. சாரின் மொத்தப் பயமும் அந்தக் குழந்தையின் தலையில்தான் கொட்டியது. அவள் தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வரும். குளியலறையில் வாளி நிறைந்திருந்தால், பேத்தி தவறி விழுந்துவிடுவாளென்று கவிழ்த்துவிட்டு வருவார்.

அப்படிப்பட்டவரை ஒரு ஆடிப் பதினெட்டுக்கு ஜேடர்பாளையம் கூட்டிக்கொண்டு போனோம். கயல் தரையில் விழுந்து புரண்டு அழுததால்தான் சம்மதித்தார். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார். குழந்தைக்குப் பளீரென்ற மஞ்சள் கவுன் போடவேண்டும்.

“பள்ளிக்கூடத்துல டூர் போறப்பெல்லாம் புள்ளைங்களுக்கு மஞ்சத் துணி கட்டித்தான் கூட்டிட்டுப் போவனுங்க. எந்தக் கூட்டத்துலயும் தனியாத் தெரியும். என் சர்வீஸ்ல ஒரு புள்ளையத் தொலைச்சதில்லீங்க.”

வேனை விட்டு இறங்கிப் பார்த்தோம். காவிரிக்கரையே மஞ்சளாக இருந்தது. தாலிக்கயிறு மாற்ற வந்த பெண்களெல்லாம் மஞ்சள் புடவை, முகமெல்லாம் மஞ்சள் பூச்சு, குழந்தைகளுக்கு மஞ்சள் பாவாடை. அறிவியலைக் கரைத்துக் குடித்த மனிதர், பதினெட்டாம் பெருக்கன்று பெண்கள் என்ன நிறத்தில் வருவார்கள் என்று யோசிக்காமல் விட்டுவிட்டார். அவர் முகம் வெளுத்துப்போனது.

“ஊட்டுக்குப் போயிரலாமுங்க,” என்றார் என் காதருகே. நான் சிரித்தேன்.

செல்வி கயிறு மாற்றிக் கும்பிட்டு நிமிர்வதற்குள் கயலைக் காணவில்லை.

“கயலு! கயலு சாமீ!”

சாரின் அந்தக் குரல் மனிதக் குரலாகவே இல்லை. மஞ்சள் உடுத்திய பிள்ளைகள் பலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தியும் கயல் இல்லை. செல்வி கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொரு குழந்தையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. புதுமணத் தம்பதிகள் விட்ட மாலைகளும், குளித்தவர்கள் விட்ட பழைய துணிகளும் அதில் மிதந்து போயின. அவற்றுக்கு நடுவில் மஞ்சளாக ஒன்று, காற்றில் உப்பிக்கொண்டு, முங்கி முங்கிப் போனது.

“அதா போறா!”

நான் சாரின் சட்டையை எட்டிப் பிடிப்பதற்குள் இறங்கிவிட்டார். முழங்கால், இடுப்பு, மார்பு. அப்புறம் தலை மட்டும் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை. நான் கத்தினேனா, கத்துவதாக நினைத்துக்கொண்டேனா என்று இன்றுவரை தெரியாது. தலை மறுபடி மேலே வந்தபோது இரண்டு கையாலும் அந்த மஞ்சளை மார்போடு அணைத்திருந்தார்.

நல்லவேளையாகப் பக்கத்தில் ஒரு பரிசல் இருந்தது. பரிசல்காரர் கழியை நீட்டினார். “பெரியவரே, துணிய உட்டுட்டுக் கழியப் புடிங்க!”

“எம் பேத்திங்க! உடமாட்டேன்!”

அது யாரோ ஆற்றில் விட்ட பழைய புடவை. அதற்குள் யாரும் இல்லை. அதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க நேரமும் இல்லை. பரிசல்காரர் அவரையும் புடவையையும் சேர்த்து அள்ளிப் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்.

அப்போது மீன்கடைப் பக்கமிருந்து, கையில் பொரித்த மீனோடு ஒரு குழந்தை ஓடிவந்தது.

“அப்புச்சி! அங்கெல்லாம் ஆழமுங்க! சொல்லாம ஏனுங்க போனீங்க?”

சார் அவளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். கவுன் நனைந்திருக்கிறதா என்று பிழிந்து பார்த்தார். பிறகு மணலில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். கயல் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் வாயில் மீனை ஊட்டிவிட்டாள். முள்ளுக்குப் பயந்து ஆயுசில் மீனே தொடாதவர், மென்று விழுங்கினார்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் கேட்டேன். “ஏன் சார், உங்களுக்குத்தான் நீச்சலே தெரியாதே?”

“நடு ஆத்துக்குப் போயித்தானுங்க அது ஞாபகம் வந்துச்சு.”

போன தை மாதம் சார் தூக்கத்திலேயே போய்விட்டார். இந்த ஆடிக்கும் நாங்கள் ஜேடர்பாளையம் போனோம். தண்ணீர் குறைவுதான், கயலும் இப்போது நன்றாக நீந்துகிறாள். ஆனாலும் ஒருவரும் முழங்காலுக்கு மேல் இறங்கவில்லை. கரையில் அவர் இல்லாதது எங்களுக்குப் பயமாக இருந்தது.