சாய்வு நாற்காலியும் மலைக்காடும் பொருத கரகண்டாப் போர்

வாழ்க தெமிர்காலி! கதிரவன் எட்டிப் பார்க்க அஞ்சும் அறுநூறு மீட்டர் ஆழத்தே, கரிப்பாறை உறுமும் காரிருட் சுரங்கத்துள், மூச்சு முட்டிய மூலைக்கெல்லாம் காற்றனுப்பித் தொழிலாளர் உயிர் காக்கும் காற்றோட்டப் பொறியாளன் வாழ்க! ஐம்பது பனிக்காலங்களை எதிர்த்து நின்றதில் தலைமயிரை மட்டும் பகைவனுக்குத் திறையாகச் செலுத்தியவன். குதிரை இறைச்சியும் கோதுமை மாவும் மாறி மாறி வளர்த்த தொந்தியைத் தோல்வியறியாக் கேடயமென முன்னிட்டு நடப்பவன். படுத்தால் புரளாதவன், புரண்டால் எழாதவன், எழுந்தால் மறுபடி படுக்க இடம் தேடுபவன். அப்பெருமகன் புகழைப் பாடப் புகுந்தோம். பாடுகையில் எம் நா உறைந்து போகாதிருக்க, வீட்டைச் சூடாக்கச் சன்னலடியில் சதா கொதித்துக்கொண்டிருக்கும் வெந்நீர்க் குழாய்த் தாயே, நீயே துணை. வெளியே குளிர் மைனஸ் முப்பத்திரண்டு.

போர் மூண்டது பெண்ணாலன்று, பொன்னாலன்று, மண்ணாலுமன்று, ஒரு விடுமுறையால். மணமுடித்த நாள்தொட்டு அவ்வீட்டின் விடுமுறைகளையெல்லாம் உறவினர் திருமணங்கள் விழுங்கின. திருமணங்கள் விட்டதைப் புதுமனைப் புகுவிழாக்கள் மென்றன. அவை சிந்தியதைப் பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டும் விருந்துகள் பொறுக்கித் தின்றன. இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக, வரும் ஜனவரியில், சுரங்கம் அவனுக்கு அளித்த விடுப்பும் பள்ளிக்கூடம் அவன் மனைவிக்கு அளித்த விடுப்பும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி விழுந்தன. அந்தப் பத்து நாளை எங்கே கழிப்பது என்பதுதான் தகராறு.

எதிரணியில் நின்ற அவன் மனைவியோ சாமானியள் அல்லள். பூகோள ஆசிரியை கார்லிகாஷ்! உருண்டைப் புவியை ஒற்றைக் கையால் சுழற்றுபவள். பின்வரிசையில் சூயிங்கம் மெல்லும் வாயை முன்வரிசைக்கு முதுகைக் காட்டியபடியே கண்டுபிடிப்பவள். எரிமலைகளின் பெயரைப் பிள்ளைத்தாலாட்டாகப் பாடித் தன் மகளை வளர்த்தவள். தம் சுரங்க நகரான கரகண்டாவுக்கு அப்பால் அவள் கண்ட நீர்நிலை பல்காஷ் ஏரி ஒன்றே. அதிலும் அன்று மழை.

"இருபத்தாறு வருஷமா கடகரேகையைக் கரும்பலகையில கையால போட்டுட்டு இருக்கேன்," என்று அவள் சமையலறை அரியணையிலிருந்து முழங்கினாள். "ஒரு தடவையாவது அதைக் காலால தாண்டணும். தாண்டிப் போயி மல்லாந்து படுக்கிறதுக்கா? மலையேறணுங்க! ஆத்துல மிதக்கணும்! மரத்துக்கு மரம் கம்பியில தொங்கிட்டுப் போகணும்!"

வேந்தன் சோபாவிலிருந்து எழாமலே மறுமொழி விடுத்தான்: "நான் தினம் அறுநூறு மீட்டர் இறங்கி ஏறுறவன், கார்லிகாஷ். சாகசம் எனக்கு வேலையிலேயே கிடைக்குது, சம்பளத்தோட. மேல வானம், கீழ மணல், நடுவுல நான். வேற ஒண்ணும் வேண்டாம்."

பயண ஏஜன்சிப் பெண் இரு வழிகளை அனுப்பியிருந்தாள். ஒன்று தாய்லாந்துக் கடற்கரை: சாய்வு நாற்காலி, குடைநிழல், இளநீர். மற்றொன்று இலங்கை மலைக்காடு: அருவி, யானை, அட்டை. ஞாயிறு மாலைக்குள் பதில் சொல்லாவிட்டால் இரண்டும் கைநழுவும் என்றும் எச்சரித்திருந்தாள்.

ஆகவே அந்த வாரம் முழுதும் ஐந்தாம் மாடி வீடு போர்க்களமாயிற்று. திங்களன்று அவன் வைக்கோல் தொப்பியொன்றை வாங்கிவந்து வாசலில், ஓநாய்த்தோல் தொப்பிக்குப் பக்கத்தில், கொடியென மாட்டினான். செவ்வாயன்று அவள் மலையேறும் காலணிகளைக் கட்டிலடியில் காவற்படையென நிறுத்தினாள். விடியலில் அவன் கால் அவற்றில் இடற, சுரங்கமே கேளாத வசைமொழிகளை வீடு கேட்டது. புதனன்று அவன் கம்பளத்தில் மல்லாந்து, கண்மூடி, வயிற்றின்மேல் கைகோத்து, கடற்கரைக்கு ஒத்திகை பார்த்தான். அவள் தூசுறிஞ்சியை எடுத்துவந்து, கல்லையும் முள்ளையும் தாண்டும் தேர்ப்படைபோல் அவனைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். அவன் ஒரு காலைத் தூக்கி வழிவிட்டானே தவிர எழவில்லை.

"அட்டை கடிக்கும் பாரு."

"உங்களைக் கடிச்சா அட்டைக்குத்தான் கொழுப்பு ஏறும்."

இவ்வாறு வெற்றி யார்பக்கமும் சாயாமல் வாரம் கழிய, வந்தது ஞாயிறு. அது சொகும் விருந்து நாள். குளிர்காலத்துக்கென வெட்டிய குதிரையின் முதல் இறைச்சியைச் சம்பந்திகளுக்குப் படைத்தபின்பே வீட்டார் வயிறார உண்பது வழக்கமாதலால், மகளைக் கொடுத்த வீட்டிலிருந்து சம்பந்தி ஓரின்பாசரும் சம்பந்தியம்மாள் ரவுஷானும் எழுந்தருளினர். சம்பந்தி என்றால் சும்மாவா! அவர் சொன்னால் இரவு பகலாகும். அவர் தும்மினால் வீடே எழுந்து வாழ்த்தும். அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொன்னவனை ஊர் பேரப்பிள்ளை காலம்வரை பேசும். அதிலும் ஓரின்பாசர் பேருந்துப் பணிமனையின் தலைவர், ஒருமுறை துருக்கிக்குப் போய்வந்தவர், ஆகையால் உலகம் அறிந்தவர்.

தட்டில் மலையெனக் குவிந்த இறைச்சியில் முதற்கவளம் எடுத்தபடியே விடுமுறை வழக்கைக் கேட்டறிந்து அவர் தீர்ப்புரைத்தார்: "கடற்கரையா? அது கிழடுங்க போற இடம், சம்பந்தி! ஆம்பளைன்னா காடு. காட்டுக்குப் போங்க!"

அந்தோ! தெமிர்காலியின் கைக்கவளம் அந்தரத்தில் நின்றது. சம்பந்தியின் சொல்லை மறுப்பதெங்ஙனம்? தன் நாவால் தன் கோட்டையைத் தானே இடிப்பதெங்ஙனம்? இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டிய அவ்வீரன் வியர்த்து, விழுங்கி, "நீங்க சொன்னா சரிதான் சம்பந்தி. நானும் அதையேதான் சொல்லிட்டிருக்கேன்," என்றான்.

கார்லிகாஷின் முகத்தில் வெற்றிப்பிறை உதித்தது. உதித்த கணமே மறைந்தது. ஏனெனில் ரவுஷான் அம்மையார் முழங்காலைத் தடவிக்கொண்டே திருவாய் மலர்ந்தார்: "அவருக்கென்ன, பேசுவாரு. நம்ம வயசுக்கு மலையா? பேசாம மணல்ல போய்ப் படும்மா, கார்லிகாஷ். மூட்டுவலிக்கும் நல்லது."

சம்பந்திக்குள்ள மரியாதை சம்பந்தியம்மாளுக்கு இல்லையா? "ஆமாங்க சம்பந்தியம்மா," என்றாள் அந்த எரிமலைத் தாலாட்டு பாடிய நங்கை. "நானும் மணல்தான் சொன்னேன்."

அதன்பின் நடந்ததைப் போன்றதொரு போரை முன்னும் கண்டாரில்லை, பின்னும் காண்பாரில்லை. நாணமற்றுப் படைகள் இடம் மாறின! படுத்தே கிடக்கப் பிறந்தவன் அருவிக்காகவும் யானைக்காகவும் வாதாடினான். "அட்டை கடிச்சா கெட்ட ரத்தம் வெளியேறிடும்" என்றுகூட அவன் வாய் கூசாமல் சொல்லிற்று. மலைகளை மணக்கப் பிறந்தவளோ சாய்வு நாற்காலியின் மகிமையைப் பாடினாள். அசையாமல் கிடப்பதும் ஒரு சாதனைதான் என்றாள். ஒருவரையொருவர் எரிப்பதுபோல் பார்த்துக்கொண்டே, ஒருவர் ஆயுதத்தை மற்றவர் ஏந்தி, மனமறியப் பொய் சொல்லி, சம்பந்திகள் தலையசைக்கத் தலையசைக்கச் சமர் புரிந்தனர். விருந்தினர் இருவரும் நன்றாகச் சாப்பிட்டனர்.

பேச்சு முற்றிய வேளையில் ஓரின்பாசர் மேசையைத் தட்டினார். அண்டம் அதிர்ந்தது, எண்ணெயில் பொரித்த பௌர்சாக் மாவுருண்டைகள் துள்ளி விழுந்தன. "எதுக்கு இவ்வளவு பேச்சு? நாங்களும் கூட வர்றோம்! பாதி நாள் காடு, பாதி நாள் மணல்!"

"சமோவாரை நான் எடுத்துட்டு வந்துடறேன்," என்றார் ரவுஷான். "ஓட்டல் டீ எனக்கு ஆகாது. அங்கயும் நம்ம கார்லிகாஷ் கையாலதான்."

"இறைச்சியும் எடுத்துக்குவோம். பத்து நாளும் நண்டையா தின்னுட்டு இருக்க முடியும்? கார்லிகாஷ் கொஞ்சம் மாவு பிசைஞ்சா பெஷ்பர்மாக் ஆச்சு!" என்றார் அவர் கணவர்.

"ஆகட்டுங்க," என்றாள் கார்லிகாஷ். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவள் அப்போதும் சமோவாரின் பக்கத்தில் அமர்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் தேநீர் ஊற்றுவது சின்ன வேலையன்று. கிண்ணத்தில் கால்வாசி, மிஞ்சினால் அரைவாசி ஊற்ற வேண்டும். குறைய ஊற்றினால் 'இன்னும் இருங்கள், மறுபடி மறுபடி ஊற்றுவேன்' என்று அர்த்தம். விளிம்பு ததும்ப ஊற்றினால் 'குடித்துவிட்டு எழுந்து போங்கள்' என்று அர்த்தம். அதைவிட விருந்தாளியைக் கன்னத்தில் அறைந்துவிடலாம். ஆகவே வாங்கி ஊற்றி, வாங்கி ஊற்றி, அவள் மாலை முழுதும் எழவுமில்லை, உண்ணவுமில்லை. அவள் தட்டில் இறைச்சியின்மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்து கிடந்தது.

தெமிர்காலி அந்தத் தட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். தென்னைமரத்தடியில், கடலுக்கு முதுகைக் காட்டி, சமோவாரின் பக்கத்தில் அவள் இதே சிரிப்போடு உட்கார்ந்திருக்கும் காட்சி அவன் கண்முன் வந்து நின்றது. காடானால் என்ன, மணலானால் என்ன, இவளுக்கு இதே வேலைதானே! இத்தனை வருஷமும் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்தான்! கேளுங்கள் அவையோரே, ஒருவரும் தூக்கிவிடாமல் தானே எழுந்தான்! தொந்திக் கேடயம் மேசை விளிம்பை உந்த, வழுக்கைத் தலையில் விளக்கொளி மகுடமென மின்ன, எந்தப் போரிலும் புறங்கொடாத சுரங்கப் பெருவீரன், பிறந்ததுமுதல் தீண்டியறியாத தேநீர்க் கெண்டியை மனைவியின் கையிலிருந்து பறித்தான். பறித்து, சம்பந்தி நீட்டிய கிண்ணத்தில் ஊற்றினான். கால்வாசி தாண்டியது. அரைவாசி தாண்டியது. "என்னங்க!" என்று கார்லிகாஷ் அலறியபோது முக்கால்வாசியும் தாண்டியது. வெந்நீர்க் குழாய் மூச்சடக்க, சன்னலில் பனி உறைய, பால்தேநீர் விளிம்பைத் தொட்டு, விளிம்பில் நடுங்கி, ஒரு சொட்டு வெளியே வழிந்து மேசைவிரிப்பில் விழுந்தது.

மகள் வாழ்வது இந்தச் சம்பந்தியின் வீட்டில்; நாளை அவளுக்கு யார் முகம் கொடுப்பார்கள்? ஆனாலும் அவன் கெண்டியைக் கீழே வைக்கவில்லை.

ஓரின்பாசர் கிண்ணத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு அதை இரு கையாலும் ஏந்தி, ஒரே மூச்சில் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பாடா," என்றார். "பிழைச்சேன்."

"என்ன சம்பந்தி?"

"கூட வர்றோம்னு சொல்லலைன்னா நீங்க கோவிச்சுக்குவீங்களேன்னுதான் சொல்லித் தொலைச்சேன். எனக்குக் கடல்னாலே தலை சுத்தும்யா! துருக்கிக்குப் போய்ப் பத்து நாளும் அறையைவிட்டு வெளியே வரலை."

"அப்பவே சொன்னேன், சும்மா இருங்கன்னு," என்று ரவுஷான் அவர் தொடையில் அடித்தார். "அந்தச் சமோவார் என்ன கனம் தெரியுமா? யார் தூக்குறது?"

அவ்வளவுதான். சிரிப்பு வெடித்தது, நால்வரும் கண்ணில் நீர்வரச் சிரித்தனர். ஆயினும் சம்பந்தியை அவமதித்த குற்றத்துக்குத் தண்டம் உண்டல்லவா? "இந்தக் கிண்ணத்துக்கு ஈடா எனக்கு ஒரு பூப்போட்ட சட்டை வாங்கிட்டு வரணும். பெரிய பெரிய பூவா!" என்று ஆணையிட்டுவிட்டு, மேலங்கிகளும் தொப்பிகளும் பூண்டு, ஓரின்பாசர் மனைவியோடு மகிழ்ந்து விடைபெற்றார். படியிறங்கும்போதும் அவர் சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது.

தனித்து நின்ற தம்பதியர் இடையே அப்போது மூண்டது மூன்றாம் போர். இது தோற்பதற்கான போர்.

"காட்டுக்கே போவோம். எனக்கென்ன, அங்கயும் ஒரு மரத்தடி இருக்காதா?"

"வேண்டாங்க. மணலுக்கே போவோம். பூமிக்கடியில கிடந்து அலுத்துப்போன உடம்பு."

"நான்தான் சொல்றேனே, காடு."

"நானும்தான் சொல்றேன், மணல். ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறீங்க?"

மீண்டும் குரல்கள் உயர்ந்து விட்டத்தை முட்டுகையில் தொலைபேசி அலறிற்று. ஏஜன்சிப் பெண்! "அக்கா, ரெண்டுமே போச்சு. வியட்நாம்ல ஒரு தீவு இருக்கு. முன்னால கடல், பின்னால மலை, நடுவுல ஓட்டல். எடுத்துக்கறீங்களா, நான் கடையைச் சாத்தட்டுமா?" எடுத்துக்கொண்டார்கள்.

அங்ஙனம் அவ்விருவரும், உறைபனி பூத்த கரகண்டாவை நீங்கி, இடிமுழக்கி மேகம் கிழிக்கும் இரும்புப் பறவையின் முதுகேறி, குறட்டைவிட்ட நாயகனை நாயகி விலாவில் குத்தி எழுப்பிக் கடகரேகை கடப்பதைக் காட்ட, அவன் கீழே கறுத்துக் கிடந்த நிலத்தில் கோட்டைத் தேட, வெந்நீராவி மூச்சுவிடும் அத்தீவில் சென்றிறங்கினர். மறுநாள் பொழுது புலர்ந்தது. கிழக்கே மலை தன் பச்சைப் போர்வையை விலக்கிக் காத்திருந்தது. மேற்கே கடல் தன் நீலக் கம்பளத்தை விரித்துக் காத்திருந்தது. மலைமேலேற்ற வந்த வழிகாட்டி வாசலில் ஒலிப்பானை மும்முறை முழக்கினான். வைக்கோல் தொப்பி தலையேற, மலைக்காலணி கால்பிணிக்க, மிதவைக் கவசம் தொந்தியை இறுக்க, எதற்கும் துணிந்து, மனைவி எங்கு அழைத்தாலும் செல்வதென வஞ்சினம் உரைத்து, மலையளவு மாறிப்போன தெமிர்காலி கட்டிலருகே எழுந்து நின்றான்.

கார்லிகாஷ் மத்தியானம் வரைக்கும் தூங்கினாள்.