புல்லாங்குழலும் ஒரு சொம்பு பீரும்

ஸ்ரீரங்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனர் காத்தமுத்து அவர்களுக்கு, தங்கள் அக்காள் ஜோதியின் கணவன் மாதவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம், சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடுதல். பொன்மலையில் தாங்கள் குடும்பத்தோடு சுகமாக இருக்கக் காவிரியும் கொள்ளிடமும் துணை நிற்கட்டும். போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை என்பதால் கடிதம்.

மூன்று மாதம் முன்பு என் வீட்டில் பீர் குடிக்கும்போது தாங்கள் பாடினீர்கள். "உன் பாட்டைக் கேட்டா பீரே கசக்குது மச்சான்" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் போனவர்தான். ஜோதியும் மகள் பிரசவத்துக்கென்று பெங்களூர் போய்விட்டாள். ஆனால் நான் சொன்னது விஞ்ஞானம். செல்போனில் படித்தேன், கனத்த ஓசை கேட்டால் பீர் கசக்குமாம், மெல்லிய ஓசைக்கு இனிக்குமாம். தங்கள் குரல் எந்த ரகம் என்பது அங்கே ஊரையே எழுப்பும் ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்குக்கே தெரியும். இதை நிரூபிக்கச் சனிக்கிழமைதோறும் சோதனை நடத்தினேன். தவிலுக்குக் கசந்தது, வீணைக்குச் சவசவ என்றிருந்தது. நேற்று சாயங்காலம் செல்போனில் புல்லாங்குழல் இசையைப் போட்டுவிட்டு, பீரைச் சொம்பில் ஊற்றினேனோ இல்லையோ, கதவு தட்டும் சத்தம். மாடியில் இருக்கும் வீட்டுக்கார ஆனந்தவல்லி அம்மாள். குடிக்கிறவர்களுக்கு வீடு கொடுக்காதவர்.

"வாரா வாரம் தவிலு, வீணைன்னு எவ்ளோ பக்தியா இருக்கீங்க சார்!" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சொம்புல என்னங்க?"

"மோருங்க."

"குடிங்க குடிங்க, எனக்காக நிறுத்தாதீங்க."

பெரியவர் எதிரில் சொம்பை எச்சில் பண்ண முடியுமா? அண்ணாந்து தூக்கி ஊற்றினேன். மோர் தொண்டைக்குள் போகும், பீர் போகுமா? நுரை மூக்கில் ஏறி, மீசையில் தங்கி, பனியனில் இறங்கிற்று.

"இவ்ளோ நுரையா! எந்தக் கடைத் தயிருங்க? வாசமும் ஒரு மாதிரி இருக்கே, புளிச்சிருச்சு போல. தனி ஆளா இருந்தா இப்படித்தான் சார், கேக்க நாதியிருக்காது."

பிறகு முழங்கால் வலி, மருமகள், பக்கத்து வீட்டுப் பூனை என்று அரை மணி நேரம் பேசினார். நடுநடுவே நான் தூக்கி ஊற்றிக்கொண்ட பீர் இருக்கிறதே, அடடா, தேன்! ஆகவே புல்லாங்குழல் பீரை இனிப்பாக்கும், நான் சொன்னது சரி, தங்கள் கோபம் தப்பு. இனி எனக்குத் துணை தேவையில்லை, தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம்.

தங்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்து, தங்களைப் போல் பாடாமல் வளர ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாதவன்.

பி.கு.: மச்சான், உறையை ஒட்டுமுன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். சோதனையில் சின்னப் பிழை. கதவு தட்டியதுமே பயத்தில் பாட்டை அணைத்துவிட்டேன். அந்தம்மா இருந்தவரை புல்லாங்குழலே இல்லை, எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து பேசியது மட்டும்தான். அவர் மாடியேறிய பிறகு மறுபடி போட்டு மிச்சத்தைக் குடித்தேன். வாயில் வைக்க முடியவில்லை. சனிக்கிழமை வா. பாடு. எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பாடு, மேலே கேட்டால் பஜனை என்று சொல்லிக்கொள்கிறேன்.