அடிகள் துடைத்த தகடு

நினைவு அடிகள் வருகிறார் என்றதும் அலுவலகமே வாசலுக்கு ஓடியது. கணக்குப் பிரிவு ஓடியது. விற்பனைப் பிரிவு ஓடியது. நடந்தாலே மூச்சு வாங்கும் மேலாளரும் ஓடினார். படித்த கூட்டம், ஐயா! பட்டத்தைச் சுவரில் மாட்டி, பக்கத்து ஆணியில் மூளையையும் மாட்டிவிட்டு வந்த கூட்டம்!

மறுநாள் மடிக்கணினிகள் கைமாறப்போகின்றன. பழைய ஆளின் நினைவு ஆவியாகத் தங்கிப் புதிய ஆளைப் பிடிக்குமாம். அடிகள் அடிமூடியைக் கழற்றுவார், சீப்புப் போலிருக்கும் ராம் என்ற நினைவகத் தகட்டை உருவுவார், காதில் வைத்துக் கேட்டு, "அப்பப்பா, எவ்வளவு பாவம்!" என்பார். தகடு அவர் பைக்குள் போகும். 'சுத்தமான' குட்டித் தகடு கருவிக்குள் போகும். பிறகு கருவி நத்தையாய் ஊரும். கேட்டால், "தியானத்துல இருக்கு, தொந்தரவு பண்ணாதீங்க!"

கணக்காளர் அம்மாவுக்கோ வேறு கவலை. அவள் கருவி மேலாளருக்குப் போகிறது. அதில் அவள் எழுதிச் சேமித்த 'தொந்தியார் புராணம்' இருக்கிறது. பாட்டுடைத் தலைவர் யாரென்று சொல்லவும் வேண்டுமோ? அழித்த கோப்பைக்கூடத் தோண்டி எடுப்பார்களாம். வேலை போய்விடும்!

அடிகள் அவள் தகட்டையும் உருவினார், ஊதினார். "தாயே, இனி இது பச்சப் புள்ள. ஒண்ணும் ஞாபகமில்ல."

வீட்டைப் பூட்டிய பிறகும் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பவள் அவள். மூலைக்குப் போய்க் கருவியைத் திறந்தாள். புராணம் பல்லிளித்தது, ஒரு வரி குறையாமல்!

திரும்பி வந்தாள். வரவேற்பு மேசைக் கருவியில் இரண்டு வரிகள் எழுதினாள். ஒன்றைச் சேமித்தாள், மற்றதை அப்படியே விட்டாள்.

"சாமி, இதையும் சுத்தம் பண்ணுங்க."

அடிகள் அணைத்தார், உருவினார், ஊதினார், குட்டித் தகட்டைச் செருகினார், மீண்டும் இயக்கினார். சேமிக்காத வரியைக் காணோம். கூட்டம் கைதட்டியது. அவள் சேமித்த கோப்பைத் திறந்தாள்.

"நீங்களே படிங்க சாமி."

அடிகள் கணீரென்று படித்தார்: "இந்த வரி இன்னும் இருந்தா... சாமி சொன்னது... புருடா."

கைதட்டல் பாதியில் நின்றது.

"இன்னொரு வரி போச்சேம்மா!" என்றார் விற்பனையாளர் ஒருவர்.

"அதுக்கு மந்திரம் எதுக்குண்ணே?" பக்கத்துக் கருவியில் ஒரு வரி எழுதினாள், சேமிக்கவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாள், மறுபடி இயக்கினாள். வரி இல்லை. "பாத்தீங்களா? கரண்டு போனா ராம் தானா மறந்துடும். சேமிச்சது டிஸ்க்ல கெடக்கு. சாமி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலியே!"

"அப்ப எங்க தகட எதுக்குய்யா எடுத்த?" விற்பனையாளர் பையைக் கவிழ்த்தார். கலகலவென்று கொட்டியது மேசை நிறையப் 'பாவம்'. எல்லாம் நல்ல விலைக்குப் போகிற பாவம்! அடிகள் வாசலைத் தேடினார். காவலாளி அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மேலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அப்போ... என் கருவியில இருக்கறதெல்லாம் அப்படியே இருக்கா?"

"பத்திரமா இருக்கு சார்."

"நிறுத்து! எல்லார் டிஸ்க்கையும் முறைப்படி துடைச்சப்புறந்தான் கைமாத்தணும். யாரும் எதையும் தொறந்து பாக்கக் கூடாது!"

"ரொம்ப நல்ல யோசனை சார்" என்றாள் கணக்காளர், புராணத்துக்கு மனதுக்குள் விடைகொடுத்தபடி.

தகடுகூட மின்சாரம் போனால்தான் மறக்கிறது, தோழர்களே! எவனோ வாயால் ஊதியதும் படித்ததையெல்லாம் மறந்தீர்களே, உங்களுக்கு எந்த மின்சாரம் போயிற்று?